கைத்தாங்கலுக்கு ஒரு படிப்பு

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் கொஞ்ச நேரம் நடந்தாலே ஒரு மருத்துவமனை வாசலுக்கு வந்துவிடலாம். கோட்-சென்-கத்தரீன் வீதியில் 1934இல் திறக்கப்பட்ட யூதப் பொது மருத்துவமனை. அதே வீதியில் கிழக்கே போனால் சென்-ஜுஸ்தீன் குழந்தைகள் மருத்துவமனை. லகோம்ப் வீதியில் சென் மேரிஸ். குயீன் மேரி வீதியில் முதியோருக்கான பல்கலைக்கழக மருத்துவ நிறுவனம். பின்னேரம் வேலை மாறும் நேரத்தில் 165ஆம் இலக்கப் பஸ்சில் ஏறினால், குளிரங்கிக்குக் கீழே மருத்துவமனைச் சீருடை தெரியும் பெண்கள் பலரைக் காணலாம். பிலிப்பீன்ஸ், ஹெய்ட்டி, மேற்கு ஆபிரிக்கா, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களில் அநேகர் மருத்துவர்களோ தாதிகளோ அல்ல. ப்ரெபோசேக்கள்.

நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது, மலசலம் கழிக்க உதவுவது, உடம்பிலும் மனத்திலும் காணும் மாற்றத்தைத் தாதியிடம் சொல்வது, எல்லாம் இவர்கள் பொறுப்பு. கியூபெக்கில் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்ய விரும்பும் புதியவருக்குப் பெரும்பாலும் முதலில் திறக்கும் கதவு ப்ரெபோசே படிப்பு. கல்வி அமைச்சின் தொழிற்கல்விச் சான்றிதழுக்கு 870 மணித்தியாலம் படிக்க வேண்டும். அதற்கடுத்த படியான துணைத் தாதிப் படிப்பு 1,800 மணித்தியாலம்.

1983 கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்த ஈழத் தமிழரில் பலர் முதலில் குடியேறியது கோட்-டெ-நெய்ஜின் அடுக்குமாடி வீடுகளில்தான். ஆண்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். பெண்கள் ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அதே வீடுகளிலிருந்து பெண்கள் ப்ரெபோசே படிக்கப் போகிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்க அனுமதி கேட்டு, பயிற்சி வகுப்பொன்றில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

வகுப்பின் பாதி, மருத்துவமனை வார்ட்டு. நான்கு கட்டில்கள், சக்கரக் கதிரைகள், கூரையில் தண்டவாளம் பொருத்தி அதிலிருந்து தொங்கும் தூக்கி, கட்டிலில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மைகள். ஆசிரியை ஹெய்ட்டியில் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் வார்ட்டில் வேலை செய்தவர். அன்றைய பாடம், பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தவருக்குச் சட்டை மாற்றுவது.

உடுப்புப் போடும்போது நலிந்த கை முதலில் போக வேண்டும். கழற்றும்போது பலமான கை முதலில் வர வேண்டும். கேட்க இலகு. செய்து பார்க்கச் சொன்னபோது வகுப்பில் பாதிப்பேருக்குக் கை தடுமாறியது. வரிசை பிழைத்தால் அசையாத தோளை இழுக்க வேண்டிவரும். அந்தத் தோளில் உணர்ச்சி குறைந்திருந்தால், இழுபட்டது நோயாளிக்கே உடனே தெரியாது. அதனால் ஆசிரியை பொம்மையை விட்டுவிட்டுத் தானே கதிரையில் உட்கார்ந்து இடக்கையைத் தொங்கவிட்டார். ஒவ்வொருவரும் வந்து அவருக்குச் சட்டை போட்டார்கள். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாத மாணவியை அவர் திருப்பி அனுப்பினார். "கேட்காமல் தொட்டால் நான் பொருளாகிவிடுகிறேன்" என்றார்.

குளிப்பாட்டலுக்கும் ஒழுங்கு உண்டு. முகத்தில் தொடங்க வேண்டும். கண்ணை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சோப்பில்லாமல், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு பகுதியால் துடைக்க வேண்டும். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கே கை போகலாம், மறுபக்கம் வரக்கூடாது. கழுவும் பகுதி மட்டும் திறந்திருக்க, மற்ற உடம்பு துவாயால் மூடியிருக்க வேண்டும். குளிர் படாமலிருக்க என்பது ஒரு காரணம். எண்பது வயதுப் பெண் அந்நியர் முன்னால் வெறும் உடம்போடு கிடக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

குளிப்பாட்டும் நேரம்தான் ப்ரெபோசே அந்த உடம்பைப் படிக்கும் நேரமும். குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் விரலால் மெதுவாக அழுத்துகிறார்கள். அழுத்தி எடுத்ததும் தோல் வெளிறி மறுபடி நிறம் வந்தால் பரவாயில்லை. வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் அழுத்தப்புண் தொடங்கிவிட்டது. உடனே தாதிக்குத் தெரிய வேண்டும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடும் இறுக்கமும் பார்க்க வேண்டும் என்பதையும் ஆசிரியை சேர்த்துச் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற வடமராட்சிப் பெண் ஒருவர் இதைக் கேட்டு எழுதுவதை நிறுத்தினார். இடைவேளையில் சொன்னார்: "என்ர அம்மா ஊரில மூண்டு வருசம் படுக்கையில கிடந்தவ அண்ணை. முதுகுப்புண் வந்துதான் போனவ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வைக்க வேணும் எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. பாசம் இருந்தது. பார்க்கத் தெரியேல்ல."

அவர் சொன்ன கடைசி இரண்டு வசனத்துக்குள் இந்தப் படிப்பின் நியாயம் முழுவதும் இருக்கிறது. முதியவரைப் பார்ப்பது பெண்ணுக்குப் பிறப்பிலேயே வரும் என்று நாம் நம்புகிறோம். அதனால் அதற்கு ஒரு படிப்பு என்றால் சிரிக்கிறோம். பாசம் அறிவுக்கு ஈடாகாது என்பதை அந்த வகுப்பில் ஒவ்வொரு பாடமும் காட்டியது.

ஊட்டல் பாடத்தில் மாணவிகள் ஒருவர் கண்ணை ஒருவர் துணியால் கட்டி யோகட் ஊட்டினார்கள். கண் கட்டியவருக்கு அடுத்த கரண்டி எப்போது வரும் என்று தெரியாது. இரண்டாவது கரண்டியிலேயே பலர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். பிறகு விதிகள் வந்தன. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டக்கூடாது. கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நோயாளி நிமிர்ந்து, நாடி சற்றே தாழ்ந்து இருக்க வேண்டும். அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கொடுப்பார்கள், ஏனென்றால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியா வரலாம். சாப்பிட்ட உடனே படுக்கவிடக் கூடாது.

நோயாளியை நகர்த்துவது தனிப் பாடம். தூக்குவது என்ற சொல்லையே ஆசிரியை அனுமதிப்பதில்லை. சக்கரக் கதிரையை நோயாளியின் பலமான பக்கத்தில் வைத்து, பிறேக் போட்டு, அவர் பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னே குனியச் சொன்னால் பாதி எழும்பல் அவராலேயே நடந்துவிடும். கிணற்றில் வாளி இழுப்பவர் கைப்பலத்தை நம்பாமல் உடம்பின் பாரத்தைப் பயன்படுத்துவதுபோல ப்ரெபோசேயும் தன் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறார். இதற்கென்று கியூபெக்கில் தனிச் சான்றிதழ் இருக்கிறது. அது இல்லாமல் வேலை கிடைப்பது கடினம். முதுகுவலி இத்தொழிலில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் முதல் காரணங்களில் ஒன்று.

பிளாமொன்டோன் மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஞாயிறு மாலைகளில் மூன்று நான்கு தமிழ் மாணவிகள் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கேயும் போனேன். சோபா கட்டிலாகிறது, வீட்டுக்காரரின் மகன் நோயாளியாகிறான். கொப்பியில் பிரெஞ்சுச் சொல், அதன் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, பக்கத்தில் பொருள். உடம்பின் உறுப்புகள், வலியின் வகைகள், மலத்தின் தன்மை எல்லாம் அப்படியே வரிசையாக. பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டு மகள்தான் பிரெஞ்சு ஆசிரியை. கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு 101ஆம் மொழிச் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று தாய்மாருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கொப்பிகளைப் புரட்டியபோது மானிப்பாய் நினைவுக்கு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தாய்மொழி வழியாகப் போனால் கடினமான அறிவும் விளங்கும் என்று அவர் கண்டது உண்மை. ஞாயிறு மாலைகளில் இந்தப் பெண்கள் செய்வதும் அதுதான்.

இந்த வேலையின் பெறுமதி நாட்டுக்கு உறைத்தது 2020 இளவேனிலில். கொரோனா தொற்றில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் நிலைகுலைந்தன. டோர்வாலில் எரோன் என்ற தனியார் இல்லத்தில் பணியாளர்கள் பெரும்பாலும் வராத நிலையில், முதியவர்கள் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல், மாற்றாத உடுப்போடு கிடந்தது தெரியவந்தது. மற்ற இல்லங்கள் சிலவற்றுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டார்கள். இல்லங்களில் நேர்ந்த மரணங்களை விசாரித்த அதிகாரி ஜெஆன் கமெல் 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டார். மருந்தும் கருவியும் இருந்தும், முகம் கழுவித் தண்ணீர் பருக்கும் கை இல்லாவிட்டால் உயிர் போகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

2020 ஜூனில் கியூபெக் அரசு 10,000 பேரைச் சேர்க்க விரைவுப் பயிற்சி தொடங்கியது. 375 மணித்தியாலம், படிக்கும்போதே கிழமைக்கு 760 டொலர். அப்போதைய கியூபெக் முதலமைச்சர் லெகோ பராமரிப்புப் பணியாளர்களைக் காவல் தேவதைகள் என்று நாளும் பாராட்டினார். அகதிக் கோரிக்கையாளராக இருந்துகொண்டு நோயாளிகளை நேரடியாகப் பராமரித்தவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை தரும் சிறப்புத் திட்டம் ஓகஸ்ட் 14 அன்று அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 14 முதல் 2021 ஓகஸ்ட் 31 வரை விண்ணப்பம் ஏற்றார்கள். அதே இல்லங்களில் அதே தொற்றுக்கு நடுவே தரை துடைத்தவர்களும் சமைத்தவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அது நியாயமல்ல.

படிப்பை முடித்து வேலை செய்யும் ஒரு தமிழ் அக்காவோடு, அனுமதியுடன், ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு காலைப்பொழுது இருந்தேன். மறதிநோய் வந்த மூதாட்டி ஒருவர் குளிக்க மறுத்துக் கத்தினார். அக்கா வற்புறுத்தவில்லை. கதவுக்கு வெளியே போய்ச் சிறிது நேரம் கழித்து, அப்போதுதான் முதல்முறை வருபவர்போல வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். மூதாட்டியின் கையில் சூடான ஈரத்துணியைக் கொடுத்தார். அவர் தானாகவே முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். மற்றதெல்லாம் அதன்பின் சண்டையில்லாமல் நடந்தது.

"அவவால செய்யக்கூடியதை நான் செய்து குடுத்தா, நாளைக்கு அவவுக்கு அதுவும் மறந்துபோகும். கெதியா முடிக்கிறது எனக்குச் சுகம், அவவுக்குச் சேதம்" என்றார் அக்கா. காலை நேரத்தில் அவர் பொறுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் இப்படிப் பொறுமையாக இருக்க நேரம் எங்கே என்று கேட்டேன். "அதுதான் பிரச்சினை" என்றார். ஆள் போதாத நாளில் நல்ல ப்ரெபோசேயும் அவசரக் கையாகிவிடுகிறார். படிப்பு கற்றுத்தருவதை வார்ட்டில் செய்ய விடுவது அரசின் கடமை.

நம் சமூகத்தின் கடமை வேறு. "பீ மூத்திரம் அள்ளுற வேலை" என்று இதைச் சொல்லும் வாய்கள் நம் கொண்டாட்டங்களில் இன்னும் இருக்கின்றன. பல பெண்கள் உறவினரிடம் "ஹொஸ்பிட்டல்ல வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சாதியின் மிச்சம் அந்த வார்த்தையில் ஒட்டியிருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதக் கழிவைத் தொடுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்தைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தவர்கள் நாமே. ஒரு மனிதரின் கடைசி வருடங்களை மானத்தோடு கழிக்க வைப்பவரின் கையைவிட உயர்ந்த கை எது?

இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். சில கிழமைகளில் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கும் தனியார் வகுப்புகளில் சேருமுன், அந்தச் சான்றிதழை நீங்கள் வேலை செய்ய விரும்பும் இடம் ஏற்குமா என்று அங்கேயே கேளுங்கள். கல்வி அமைச்சின் 870 மணித்தியாலப் படிப்பு நீண்டது. ஆனால் முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடத்துக்குள் முடியும், கியூபெக் வதிவுரிமை உள்ளவருக்குப் படிப்புக் கட்டணமும் இல்லை. பிரெஞ்சை முதலில் பிடியுங்கள். 2023இல் தொடங்கிய பிரான்சிசாசியோன் கியூபெக் வழியாக இலவச வகுப்புகள் கிடைக்கும். நோயாளியின் வலி உங்களுக்கு விளங்கும் மொழியில் வராது.

இந்நகரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு கோரிக்கை. கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்கிறீர்கள். பிளாமொன்டோன் வீட்டுச் சோபாவில் படிக்கும் இந்தப் பெண்களுக்குக் கிழமைக்கு ஒரு மாலை ஓர் அறை திறந்துவிடுங்கள். ஒரு கட்டிலும் ஒரு சக்கரக் கதிரையும் வாங்கிப் போடுங்கள். வேலையில் இருக்கும் மூத்த ப்ரெபோசேக்களை அழைத்து மேடையில் அல்ல, அந்த அறையில் பேச வையுங்கள். நாளை நம் முதுமையைத் தாங்கப்போகிறவர்கள் இவர்கள்தான்.