உறைநிலையில் ஓர் அமானிதம்

சோதனைக்குழாய் முறையில் அல்லாஹ் எங்களுக்கு ஒரு மகளை அருளினான். எஞ்சிய மூன்று கருக்கள் உறைநிலையில் இருந்தன. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றை அழியவிட வேண்டும். அல்லது எங்கள் இசைவுடன் ஆராய்ச்சிக்கு அளிக்கலாம்.

குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தால் கரு அழிந்துவிடும். அதனாலேயே 2001இல் அமெரிக்க அதிபர் புஷ் இவ்வாராய்ச்சிக்கான அரசு நிதியைக் கட்டுப்படுத்தினார். 2009இல் ஒபாமா அதைத் தளர்த்தினார். 2003இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் அறிஞர்கள், எஞ்சிய கருக்களைப் பெற்றோர் இசைவுடன் பயன்படுத்த அனுமதித்தனர். இதற்கென்றே கருவை உருவாக்குவதைத் தடுத்தனர்.

படிவத்தைக் கண்டதும் என் மனைவி, உறங்கும் மகளைப் பார்த்தாள். “இவளும் ஒருநாள் இப்படித்தானே இருந்தாள்?”

இஸ்திகாரா தொழுதோம். வீணே அழிவதைவிட, ஒரு நோயாளிக்கேனும் பயன்படட்டும் என்று கையொப்பமிட்டோம். அவளுடைய கேள்வியை மட்டும் அல்லாஹ்விடமே ஒப்படைத்துவிட்டோம்.