சைக்கிளை நிறுத்திய மூன்று இடங்கள்

திருகோணமலைக்கு விடுமுறையில் போகிற எங்கட ஆக்களின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நிலாவெளியில் குளிப்பு, புறாத்தீவுக்குப் படகு, கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில், பிறகு வானில் வீடு. வானில் போனால் ஒவ்வோர் இடமும் தனித்தனிப் படமாகத்தான் மனதில் நிற்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளைச் சைக்கிளுக்கு ஒதுக்கினோம். உப்புவெளியில் தங்கின இடத்திலேயே வாடகைக்குக் கிடைத்தது. கியர் இல்லாத பழைய சைக்கிள்கள்தான். பிரேக் பிடிக்குதா என்று மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு, வெயில் ஏற முதல் வெளிக்கிட்டோம்.

முதலில் நிறுத்தியது நிலாவெளி வீதியோரத்துப் போர்க் கல்லறையில். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. அந்த உலக யுத்தத்தில் இறந்தவர்கள் இங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். புல்லு வெட்டி, பூ நட்டு, அவ்வளவு துப்புரவு. கல்லில் பெயர், படை, வயது. பலருக்கு எங்கள் வயதுகூட இல்லை. எங்கேயோ பிறந்த பிள்ளைகளின் பெயர்களை இருவரும் மாறி மாறி வாசித்தோம். எண்பது வருடம் கழிந்தும் வாசிக்க முடிகிறது.

அங்கிருந்து நகரத்துக்குள் வந்து, கோட்டை வாசலில் இறங்கிச் சைக்கிளை உருட்டினோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். வாசல் கல்லில் சிதைந்த தமிழ் எழுத்தும், செதுக்கிய மீன்களும் இப்பவும் தெரியும். பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்து போகிறார்கள், ஏனென்றால் உள்ளே புள்ளிமான்கள் நிற்கின்றன. நாங்களும் மானோடு படம் எடுத்தோம்தான். ஆனால் கோயிலின் கதை இடித்ததோடு முடியவில்லை. 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரக் கடலுக்குள் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

பின்னேரம் டச்பே கடற்கரை. காந்தி சிலைப் பக்கம் சைக்கிள்களைச் சாத்திவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு இருந்தோம். பிள்ளைகள் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

2006 ஜனவரி 2ஆம் திகதி இதே இடத்தில்தான் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று சந்தேக நபர்கள் 13 பேரையும் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. வருடாவருடம் அந்தத் திகதியில் இங்கே விளக்கேற்றுகிறார்கள்.

எங்களில் ஒராளுக்குக் கச்சான் இறங்கவில்லை. "இதில இருந்து சிரிச்சுக்கொண்டு எப்பிடி? எழும்புவம், போவம்." மற்றாள் எழும்பவில்லை. "அவங்களும் காத்து வாங்கத்தானே வந்தவங்கள்? நாங்கள் எழும்பிப் போனா, இது பயந்து ஓடுற இடமாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் வாக்குவாதம், பிறகு மௌனம். இரண்டு பேர் சொன்னதும் சரிபோலத்தான் இருந்தது. காலையில் முன்பின் தெரியாதவர்களின் பெயர்களைக் கல்லில் பார்த்து வாசித்த எங்களுக்கு, இந்த ஐந்து பேரின் பெயர்கள் முழுதாக நினைவில் வரவில்லை. போனில் தேடி எடுத்து, காலையில் போலவே மாறி மாறி வாசித்தோம். ஐந்து பெயர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இருட்ட முதல் உப்புவெளிக்கு மிதித்தோம். எதிர்க்காற்று, பேச மூச்சில்லை.

நீங்களும் போங்கோ. கடலில் குளியுங்கோ, மானைப் பாருங்கோ, சுவாமிமலையில் ஏறி நில்லுங்கோ. கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நின்று அந்தக் கல்லையும் பாருங்கோ. டச்பேயில் இருந்து கச்சான் சாப்பிடும்போது, பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லுங்கோ.