றம்பொடைப் பனியில்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் றம்பொடையைத் தாண்டியதும் மூடுபனி தேயிலைச் சரிவுகளை விழுங்கிவிடுகின்றது. அவ்விடத்திலேயே எமது காரின் பனிவிளக்குகள் அணைந்தன. அவ்வாண்டில் அது மூன்றாம் முறை. ஒருபுறம் மலை, மறுபுறம் பாதாளம். பிள்ளைகள் பேச்சடங்கினர். ஊர்ந்தே 6,000 அடிக்கு மேலுள்ள நகரை அடைந்தோம்.

மறுநாட் காலை விளக்கைக் கழற்றிய திருத்துநர் வெடித்திருந்த இரப்பர் வளையத்தைக் காட்டினார். அதனூடாக நீர் கசிந்திருந்தது. கொதிக்கும் ஹலோஜன் குமிழிற் குளிர்துளி பட்டாற் கண்ணாடி வெடிக்கும். விரலின் எண்ணெய்ப் பசை படிந்தாலும் அவ்விடம் மிகையாகச் சூடேறிக் குமிழ் கெடும். நாமோ காரணத்தை ஆராயாது, வெறுங்கையாற் குமிழை மட்டுமே மாற்றிவந்தோம்!

அவர் புது வளையமிட்டு, தூய துணியாற் பிடித்துக் குமிழைப் பொருத்தினார். திரும்புகையில் அதே வளைவிற் பனி காத்து நின்றது. வீதியின் வெண்கோடோ தெளிவாகத் தெரிந்தது.