சுருதி விலகியவர் யார்?

பருத்தித்துறையில் எமது இல்லத்துக்கு டிஜிட்டல் பியானோ ஒன்று வந்தது. மகளோ பழைய சுருதிப்பெட்டியை 5 கட்டையில் வைத்துப் பாடிப் பழகியவள். கட்டைக் கணக்கு, ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு. ஐந்தாவது கட்டையே அவளுக்குச் சட்சம். ஒரு மாலை அவள் பாடுகையில், பியானோவில் அக்கட்டையை அழுத்திப் பார்த்தோம். ஒலி உயர்ந்து நின்றது.

“சுருதி இறங்குது பிள்ளை” என்று கடிந்தோம்.

“இல்லை அப்பா, பியானோதான் ஏறி நிக்குது.”

88 கட்டைகளுடைய புதுக்கருவி பிழைக்குமா? பழைய பெட்டியும் அவளுமே இறங்கிவிட்டதாக எண்ணினோம். அவள் கண்கலங்கி எழுந்து போனாள்.

இரவு கைநூலைப் புரட்டினோம். அடிப்படைச் சுருதி 440 ஹெர்ட்ஸ் என்றே இருந்தது, அதிற் குறையில்லை. அடுத்தது ‘டிரான்ஸ்போஸ்’ என்னும் அமைப்பு. எல்லாச் சுரங்களையும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றியிறக்குவது. 0 இருக்கவேண்டிய இடத்தில் 1 நின்றது. யார் கை பட்டதோ! ஐந்து கட்டை ஐந்தரைக் கட்டையாக ஒலித்திருக்கிறது. அதனை 0 ஆக்கியதும் பியானோவும் பெட்டியும் ஒன்றாய் இசைந்தன.

விடிந்ததும் மகளிடம் பிழையை ஒப்புக்கொண்டோம்.

“அப்ப இனிப் பாடட்டோ?” என்றாள்.

பிள்ளைகளுக்குப் பியானோ வாங்கும் பெற்றோர், கடிந்துகொள்ளுமுன் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.