ஐந்து வாட்டின் குரல்

படுக்கையறையில் விடியும்வரை எரியும் சிறு விளக்கொன்று ஏறத்தாழ 5 வாட் மின்னாற்றலை உண்கிறது. அவ்வளவே ஆற்றலைக் கம்பியொன்றில் ஏற்றி, கடல் கடந்த நாட்டாரோடு தொடர்பு கொள்ள முனைவோர் உளர். அமெச்சூர் வானொலியாளருள் அவர்கள் ஒரு சிறு குழுவினர். 'கியூஆர்பி' என்பது அவர்கள் மேற்கொண்ட நெறிக்குப் பெயர். தந்திக் குறிமொழியில் அதற்கு 'ஆற்றலைக் குறைத்துக்கொள்க' என்று பொருள். பிறர் கட்டளையாகப் பெறுவதை இவர்கள் விரும்பி ஏற்றனர்.

ஓய்வு நேரத்தில் ஒருவரோடு உரையாடுவது ஒன்று. போட்டியில் இறங்குவது வேறு. 'சிக்யூ' உலகப் போட்டியின் மோர்ஸ் பிரிவு ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசிச் சனி ஞாயிறுகளில் 48 மணி நேரம் நடைபெறுகிறது. உலகம் 40 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. தொடர்பு கொண்ட நிலையங்களுக்குப் புள்ளிகள் உண்டு; புதிய நாடும் புதிய மண்டலமும் அப்புள்ளிகளைப் பெருக்கித் தரும். ஒரு நிலையத்தோடு ஓர் அலைவரிசையில் ஒருமுறை கொண்ட தொடர்பே கணக்கில் சேரும். இவ்விதி சிறியோருக்கு எவ்வாறு துணையாகிறது என்பது பின்னர் விளங்கும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் போட்டி சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முடிகிறது. அன்று பணிக்குச் செல்ல வேண்டியவர்களின் நிலை இரங்கத்தக்கதே.

அமெரிக்காவில் ஒருவர் 1,500 வாட் வரை பயன்படுத்தலாம். 5 வாட்டுக்கு இது 300 மடங்கு. ஆயினும் ஏற்பியின் முள் ஒரு படி ஏறுவதற்கு ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே 300 மடங்கும் முள்ளில் நான்கு படிகளுக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. பெருநிலையம் இடியென முழங்கும் வேளையில் சிறு நிலையம் கிசுகிசுக்கும். ஆனால் அக்கிசுகிசுப்பும் காதில் விழக்கூடியதே.

அது விழுவதற்கு வழி என்ன? சிறு நிலையத்தார் ஓரிடத்தில் அமர்ந்து பொது அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எவரும் திரும்பிப் பாரார். வலியவர் ஒருவர் வந்து அவ்விடத்தையே பிடித்துக்கொள்வதும் உண்டு. எனவே அவர் அலைவரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேடிச் செல்கிறார். மிக உரத்துக் கேட்கும் நிலையங்களையே முதலில் அழைக்கிறார். உரத்துக் கேட்பவரிடம் உயர்ந்த ஆண்டெனா இருக்கக்கூடும். அனுப்புவதற்கு உதவும் அதே ஆண்டெனா கேட்பதற்கும் உதவுமன்றோ!

அரிய நாடொன்று தோன்றியதும் நூற்றுக்கணக்கானோர் ஒருசேரக் கூவுவர். அவர்கள் நடுவே கூவுவது வீண். சுருதியைச் சற்றே விலக்கி, பிறர் ஓய்ந்த அரை நொடியில் தம் அழைப்புக்குறியை ஒருமுறை அனுப்புவதே தக்கது. மறுமுனையிலிருப்பவர் இரண்டெழுத்தைப் பிடித்து வினாக்குறி எழுப்பினால் பாதி வெற்றி கிட்டியதாகும். மீதிப் பாதி அவருடைய செவியைச் சேர்ந்தது; இத்தகைய தொடர்பில் கேட்பவரின் உழைப்பே பெரிது எனலாம். சில முயற்சிகள் பலிக்காவிடில் அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு அகன்றுவிட வேண்டும். பிடிவாதத்தில் கழியும் அரைமணியில் எளிய தொடர்புகள் பல கைநழுவிப் போகும்.

கதிரவனும் இதில் ஒரு பங்காளி. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகும் காலத்தில், 28 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் நீளக் கம்பியே கண்டங்களைத் தாண்டப் போதும். புள்ளிகள் அருகிய ஆண்டுகளில் அவ்வலைவரிசை பெரும்பாலும் ஊமையாகிவிடும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸை நாட வேண்டியதுதான்.

எனினும் பெருஞ்சோதனை வானில் இல்லை, மேசைமேல் இருக்கிறது. இன்றைய கருவிகளுள் பல 100 வாட் வரை தரவல்லவை. ஒரு குமிழைத் திருகி அவற்றை 5 வாட்டுக்கு இறக்கியிருப்பர். நாற்பது நிமிடம் அழைத்தும் மசியாத அரிய நிலையம் எதிரே ஒலிக்கிறது. குமிழைத் திருப்பினால் முள்ளில் இரண்டு படி ஏறிவிடலாம். அறையில் நடுவர் எவரும் இல்லை. எத்தனை வாட் என்று பதிவேட்டில் எழுதி அனுப்புபவரும் அவரே. கை குமிழருகே சென்று மீள்வதை அவரன்றி யார் அறிவார்? அந்த நாட்டை இழந்து அடுத்த ஒலியைத் தேடிப் போகிறார்.

ஞாயிறு பிற்பகலில் நிலைமை மாறுகிறது. வலியவர்கள் ஒருவரையொருவர் முன்னரே பிடித்துத் தீர்த்துவிட்டனர். ஒருமுறைக்கு மேல் கணக்கில்லை என்னும் விதி இப்போது அவர்களை வாட்டுகிறது. சனிக்கிழமை செவிசாய்க்காத பெருநிலையம் இப்போது விடையின்றி அழைத்துக்கொண்டிருக்கிறது. சிறு நிலையத்தார் தம் குறியை அனுப்புகிறார். வினாக்குறி வருகிறது. மீண்டும் அனுப்புகிறார். மறுமுனையார் முழுக்குறியையும் பிடித்து, '599' என்று விடையளிக்கிறார். மிகத் தெளிவாகவும் வலிவாகவும் கேட்கிறது என்பது அதன் பொருள். எவ்வளவு திணறிக் கேட்டாலும் போட்டியில் எல்லாருக்கும் அதையே அனுப்புவது மரபு. சிறு நிலையத்தார் சிரித்துக்கொண்டே அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்.