கரண்ட் போனால் திறக்கும் கதவு

எங்கள் சாச்சா வயரிங் வேலை செய்கிறார். வீடுகளுக்கு விளக்கும் விசிறியும் பூட்டிக் கொடுப்பதுதான் முன்பு அவருடைய தொழில். இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளும் கல்வி நிலையங்களும் கமெரா, மின்பூட்டு என்று கேட்கத் தொடங்கிவிட்டன. உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் நான், கடந்த விடுமுறையில் அவர் செய்த ஒரு வேலையைக் கூடவே நின்று பார்த்தேன். மேல்மாடியில் இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கதவுக்கு மின்பூட்டுப் பொருத்தும் வேலை அது.

கதவு நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ற்று மின் ஓடும்வரை காந்தம் தகட்டை ஏறக்குறைய 280 கிலோ பாரத்தைத் தாங்கும் விசையோடு பிடித்திருக்கும். வெளியே கார்டு வாசிக்கும் கருவி. கார்டுக்குள் பற்றரி இல்லை; கருவியின் காந்தப்புலத்திலிருந்தே அதிலுள்ள சிறு சுருள் சக்தி பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்கிறது. இலக்கம் சரியென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள ரிலே சில விநாடிகள் மின்னைத் துண்டிக்கும். கதவு திறக்கும்.

“கொம்பியூட்டர் வயரிலேயே பூட்டுக்கும் மின் கொடுத்தால் என்ன, சாச்சா?” என்று கேட்டேன். “நீயே கணக்குப் பார், மகள்” என்றார். பெட்டியிலிருந்து பூட்டுவரை 30 மீற்றர். அந்த மெல்லிய கம்பியில் போகவும் வரவும் சேர்த்துத் தடை ஏறக்குறைய 5 ஓம். பூட்டு எடுப்பது அரை அம்பியர். வழியிலேயே 2.5 வோல்ற்று போய்விடும். காந்தத்தின் பிடி தளரும். அதனால் பூட்டுக்குத் தடித்த வயர் இழுத்தோம். மின் துண்டிக்கும் கணத்தில் சுருளிலிருந்து எழும் எதிர் மின்னழுத்தம் ரிலேயைப் பழுதாக்காமல் இருக்க, பூட்டுக்குக் குறுக்கே ஓர் இருவாயியும் வைத்தோம். பாடப்புத்தகத்தில் படித்த ஓமின் விதி கதவு நிலையில் வேலை செய்வதைக் கண்டபோது பெரிய சந்தோசம்.

மாலையில் உரிமையாளர் வந்தார். “தம்பி, கரண்ட் போனாலும் கதவு பூட்டியே இருக்க வேணும். உள்ளுக்குக் கொம்பியூட்டர்கள் இருக்கு” என்றார். உட்பக்கச் சுவரில் பொருத்தவிருந்த பச்சைப் பெட்டியும் வீண் செலவு என்பது அவர் எண்ணம். அதை அழுத்தினால், கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகியிருந்தாலும் பூட்டின் மின் நேரடியாக அறுந்துவிடும். ஆபத்து நேரத்துக்கானது அது.

சாச்சா குரலை உயர்த்தவில்லை. “ஐயா, ஆள் இல்லாத நேரத்துக்குச் சாதாரணப் பூட்டு ஒன்றும் போட்டுத் தாறன். ஆனால் பிள்ளைகள் உள்ளே இருக்கேக்க கரண்ட் போனால் கதவு திறக்கத்தான் வேணும். பச்சைப் பெட்டி இல்லாமல் நான் வேலையை முடிக்க மாட்டன். வேண்டாமென்றால் முற்பணத்தைத் திருப்பித் தாறன்” என்றார். அந்த மாதம் அவருக்கு வேறு பெரிய வேலை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

1911 மார்ச் 25இல் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது. இறந்த 146 பேரில் பெரும்பாலானோர் இளம் பெண்கள்; எங்கள் வயதினரும் அவர்களில் இருந்தார்கள்.

எங்கள் உம்மம்மாவிடம் ஒரு பழைய திறப்பு இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, சோனகத் தெரு வீட்டைப் பூட்டி, அந்தத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டவர் அவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலமெல்லாம் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது சுவர்கள்தான் நின்றன. கதவும் இல்லை, நிலையும் இல்லை. சாச்சாவின் கதையைச் சொன்னபோது, “சாமானைத் திரும்பத் தேடலாம் மகள், ஆளைத் தேட ஏலுமா?” என்றார். நம் ஊரில் சாவி என்று சொல்வதில்லை, திறப்பு என்கிறோம். மூடுவதை விடத் திறப்பதே அதன் முதல் வேலை என்று அந்தச் சொல்லே சொல்கிறது போலும்.

உரிமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பற்றரியும் வைத்தோம். 7 அம்பியர் மணிப் பற்றரி கணக்குப்படி பூட்டை 14 மணி நேரம் பிடித்திருக்கும்; மற்றக் கருவிகளும் மின் எடுப்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. 2022 மார்ச் கடைசியில் வந்ததுபோல 13 மணி நேர மின்வெட்டு வந்தால் தாங்குமோ என்னவோ. தாங்காவிட்டாலும் பாதகமில்லை, கதவு திறந்துகொள்ளும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளை வந்த நேரத்தை இந்தக் கருவி பதிந்து வைக்கும். ஆனால் கார்டு வந்தது என்றுதான் அந்தப் பதிவு சொல்லும். பிள்ளை வந்தாள் என்று சொல்லாது. தோழியின் கையில் கொடுத்துவிட்ட கார்டும் அதற்கு ஒன்றுதான். பிள்ளையிடம் நேரில் விசாரிப்பதற்கு அது ஈடாகாது.

உங்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இப்படியான கதவு இருந்தால், உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள். பச்சைப் பெட்டி இருக்கிறதா? கரண்ட் போனால் கதவு திறக்குமா? கேளுங்கள். மாணவியரே, நீங்களும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.