கப்பலேறிய பணம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர் எங்காவது போய் வந்திருக்க வேண்டும் என்பது மரபு. விமானத்தில் ஜன்னல் சீட், இறங்கிய ஊரில் இட்லிக்கு அலைந்தது, மியூசியம் வாசலில் குடும்ப போட்டோ... இந்தக் கட்டுரையில் அதெல்லாம் கிடையாது. இதில் வருகிற பயணம் நடக்கவே இல்லை. 2024 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கிளம்பவேண்டிய கப்பல் நேரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. அதில் இருந்திருக்க வேண்டிய என் சித்தப்பா, தாம்பரம் வீட்டில் வயிற்றில் நாலு பிளாஸ்திரியோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பயணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கப்பலுக்குக் கட்டிய பணத்தை இன்ஷூரன்ஸிலிருந்து வாங்க, ஒரு மஞ்சள் ஃபைலும் கையுமாகத் தாம்பரத்துக்கும் மவுண்ட் ரோடுக்கும் நாங்கள் எத்தனையோ தடவை போய் வந்தோம். வங்காள விரிகுடாவில்கூட அத்தனை அலை கிடையாது.

முதலில் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானத்தில் நாலு மணி நேரம். பினாங்குக்கும் பறந்தே போய்விடலாம். பிறகு எதற்குக் கப்பல்? சித்தப்பாவைக் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: "ரஜுலா!"

ரஜுலா என்பது 1926-ல் கட்டப்பட்ட கப்பல். நடுவில் யுத்த காலத்தில் ராணுவத்தைச் சுமந்தது போக, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போகிற தமிழர்களைச் சுமந்தது. கேபினில் போனவர்கள் கொஞ்சம் பேர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன 'டெக் பாசஞ்சர்'கள் ஆயிரக்கணக்கில். சித்தப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அப்படி ஒரு பாயில் படுத்துக்கொண்டுதான் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனார். அங்கே ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. பத்து வருஷம் கழித்து ஒரு தகர டிரங்குப் பெட்டியோடும் தீராத இருமலோடும் திரும்பி வந்தார். "பினாங்கு கரையைக் கடல்ல இருந்து பார்க்கணும்டா, ஏரோப்ளேன்ல இருந்து இல்ல" என்று தாத்தா சொல்வாராம். சித்தப்பாவுக்கு அது மனசில் தைத்துப் போயிற்று.

மின்சார வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாகக் கப்பல் தேடினார். சிங்கப்பூரில் 2012-ல் திறந்த மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போகிறது என்று கண்டுபிடித்தார். பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஊர் வாசலிலேயே. இறங்கினால் பழைய கோட்டை. கொஞ்ச தூரம் நடந்தால் 'லிட்டில் இந்தியா'. 2008-லிருந்து அந்த ஊரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இத்தனையும் சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மேப்பில் தாத்தா வேலை பார்த்த தெருவுக்குச் சிவப்பு மையில் வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

நாலு ராத்திரிப் பயணம். இரண்டு பேருக்குக் கப்பல் கட்டணம் 1,32,000 ரூபாய். விமான டிக்கெட் 58,000. அதோடு மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பயண இன்ஷூரன்ஸ்.

இந்த இன்ஷூரன்ஸ் படிவத்தில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 'ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?' என்று ஒரு கேள்வி. ஏஜெண்ட், "இல்லைன்னு போட்டுடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார். சித்தியும், "எதுக்குங்க வம்பு?" என்றாள். சித்தப்பா பேனாவைத் திறந்து, 'சர்க்கரை. 12 வருடம். தினம் இரண்டு மாத்திரை' என்று அழுத்தி எழுதினார். முப்பத்தைந்து வருஷம் மீட்டர் ரீடிங்கை உள்ளபடி எழுதிய கை. அதற்குப் பொய் எழுத வராது.

கப்பலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்குச் சித்தப்பாவுக்கு வயிற்று வலி. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்தார். மூன்று மணிக்கு ஆட்டோ. ஆறு மணிக்கு ஸ்கேன். பித்தப்பையில் கல், சீழ் பிடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். "பத்து நாள்ல சிங்கப்பூர் போகணுமே டாக்டர்" என்றாள் சித்தி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சித்தியைப் பார்த்தார். அதுதான் பதில்.

குடும்பத்தில் பி.காம். படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே ஆபரேஷன் டாக்டருடையது, பணம் என்னுடையது என்று பங்கு பிரிந்தது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் டாக்டர் 'போகக் கூடாது' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கேன்சல். மாற்றிச் செய்தால் 'உங்களுக்கே மனசு மாறிவிட்டது' என்று சொல்ல வழி கொடுத்ததாகும். மனசு மாறியதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. அதற்காக, 'ஆபரேஷன் முடியட்டும், பார்க்கலாம்' என்று நாள் கடத்தவும் கூடாது. கப்பல் கம்பெனிகள் ஏணி மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கிளம்பும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். கடைசி நாட்களில் கட்டணம் முழுசாகப் போய்விடும். டாக்டர் சொன்ன அன்று காலையிலேயே கப்பல், விமானம், ஓட்டல் மூன்றுக்கும் கேன்சல் அனுப்பினேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுத்து ஒரு நம்பர் வாங்கிக்கொண்டேன்.

கப்பல் கம்பெனி துறைமுக வரியாக வாங்கிய 19,000 ரூபாயைத் திருப்பித் தந்தது. ஏறாத ஆளுக்குத் துறைமுகத்தில் வரி கட்டவேண்டியதில்லை. நாம் கேட்டால் தருவார்கள். விமானக் கம்பெனி அதே மாதிரி 9,000 தந்தது. சிராங்கூன் ரோடு ஓட்டல் முழுசாகத் தந்துவிட்டது. மிச்சம் 1,13,000, 49,000. ஆக 1,62,000 ரூபாய் நஷ்டம். மானம்தான் கப்பலேறும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஆள் ஏறாமல் பணம் மட்டும் ஏறிப் போயிற்று!

கப்பல் கம்பெனி இன்னொன்றும் சொன்னது. "பணத்துக்குப் பதில் அடுத்த வருஷப் பயணத்துக்கு வரவு வைக்கிறோம், சம்மதமா?" சித்தி சரி என்று தலையாட்டப் போனாள். நான் தடுத்தேன். கல்லூரியில் 'இண்டெம்னிட்டி' என்று படித்திருப்பீர்கள். இன்ஷூரன்ஸ் நஷ்டத்தைத்தான் ஈடு கட்டும், லாபம் தராது. வரவை வாங்கிக்கொண்டால் அந்த அளவுக்கு நஷ்டமே இல்லை என்று க்ளெய்மில் கழித்துவிடுவார்கள். ஒன்று வரவு, அல்லது க்ளெய்ம். இரண்டு இலையில் ஒரே ஆள் சாப்பிட முடியாது.

ஆபரேஷன் செலவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சித்தப்பாவின் மருத்துவ இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது. இது போகாத பயணத்துக்கான கணக்கு மட்டும்.

க்ளெய்ம் அனுப்பினோம். முதல் பதில் வந்தது. 'டாக்டர் சான்றிதழில் ஓய்வு தேவை என்று இருக்கிறது. பயணம் செய்யக் கூடாது என்று இல்லை.'

படித்துவிட்டுச் சித்தப்பா, "கப்பல்ல படுத்துக்கிட்டே ஓய்வெடுக்கலாம்னு நெனக்கிறாங்களோ?" என்றார். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்தினார். ஆனால் கம்பெனி கேட்டது நியாயம்தான். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தியேட்டரில். மறுநாள் போனேன். டாக்டர் கான்ஃபரன்ஸில். மூன்றாம் நாள் லிஃப்ட் வாசலில் பிடித்தேன். இன்ன தேதியில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயணம் செய்யத் தகுதியில்லை, ஆகவே பயணத்தை ரத்து செய்யச் சொன்னேன் என்று மூன்று வரி. கையெழுத்து, பதிவு எண், சீல். அந்த மூன்று வரியின் விலை 1,62,000 ரூபாய். ஒரு வரிக்கு 54,000. தமிழில் எந்த எழுத்தாளருக்கும் இந்த ரேட் கிடையாது.

சித்திக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, அவர் பங்கை ஏன் தரவேண்டும் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுக்கு வந்த நோயும் காரணமாகும் என்று பாலிசியில் இருந்தது. சில பாலிசிகளில் மாமனார் மாமியாரும் உண்டு, சிலவற்றில் இல்லை. ரூம் மேட்டுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் கோவா டிரிப்பை ரத்து செய்தால், 'உடன் பயணிப்பவர்' என்று அவர் பெயர் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நட்புக்கு இலக்கியத்தில் இருக்கிற இடம் இன்ஷூரன்ஸில் கிடையாது.

அடுத்த கடிதம்தான் வயிற்றைக் கலக்கியது. 'பித்தப்பைக் கல் ஒரே நாளில் உருவாவதில்லை. இது பாலிசிக்கு முன்பே இருந்த நோய். க்ளெய்ம் மறுக்கப்படுகிறது.'

சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. "பணம் போனாப் போகுதுடா. நான் மறைச்ச மாதிரி எழுதியிருக்காங்களே" என்றார்.

நேரில் போவது என்று முடிவு செய்தோம். தாம்பரத்தில் மின்சார ரயில், பார்க்கில் இறங்கி பஸ். மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடத்தைத் தாண்டும்போது சித்தப்பா வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். 1959-ல் அது திறந்தபோது ஊரே அப்படித்தான் அண்ணாந்து பார்த்ததாம். அதைத் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் திட்டமிட்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை ஆரம்பித்தவரும் அவரே. கட்டடம் எழும்பிப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1954-ல் சிங்கப்பூரில் இறங்கும்போது நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் அரசுடைமை ஆனது. கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போயிற்று. "இன்ஷூரன்ஸ் நடத்தினவருக்கே பயணத்துல என்ன நடக்கும்னு தெரியல, பாரு" என்றார் சித்தப்பா.

அலுவலகத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர் என் வயசுக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் ஆறின டீ. நான் பாலிசியின் விளக்கப் பகுதியைத் திறந்து வைத்தேன். 'முன்பே இருந்த நோய்' என்றால், பாலிசிக்கு முன்பு டாக்டர் கண்டுபிடித்தது, அல்லது அதற்குச் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றது என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். கல் எப்போது உருவானது என்பது கேள்வி இல்லை. எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி. தெரிந்தது பாலிசி எடுத்த பிறகு, ஸ்கேன் எடுத்த காலையில்.

"சார், சர்க்கரை பன்னிரண்டு வருஷமா இருக்கே?" என்றார் அவர்.

சித்தப்பா விண்ணப்பத்தின் நகலை மெல்ல நகர்த்தினார். "எழுதியிருக்கேனே தம்பி. ரெண்டு மாத்திரைன்னுகூட எழுதியிருக்கேன்."

அந்த இளைஞர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எங்களுக்கு டீ சொன்னார். காற்று திசை மாறுகிறது என்று புரிந்தது.

இன்ஷூரன்ஸில் 'பரிபூரண நல்லெண்ணம்' என்று ஒரு விதி உண்டு. இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வழக்கு 1766-ல் லண்டனில் நடந்தது. சுமத்ராவில் பெங்கூலன் என்ற ஊரில் ஆங்கிலேயரின் கோட்டை ஒன்று. அதன் கவர்னர், எதிரி பிடித்துவிட்டால் பணம் தரவேண்டும் என்று இன்ஷூர் செய்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 'கோட்டை பலவீனமானது என்று மறைத்துவிட்டார்' என்று பணம் தர மறுத்தார்கள். நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இரண்டு பக்கமும் உண்மையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, கவர்னர் பக்கம்தான் தீர்ப்பு வரச் செய்தார். இரண்டு பக்கமும்! நாம் மறைக்கக் கூடாது. அவர்களும் சாக்குத் தேடக் கூடாது.

அவர்கள் மறுபடியும் மறுத்தால் போக ஓர் இடம் குறித்து வைத்திருந்தேன். தேனாம்பேட்டையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் அங்கே போகலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கவும் முடியாது. 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. டிசம்பரில் 1,53,600 ரூபாய் சித்தப்பா கணக்குக்கு வந்தது. ஆளுக்கு 50 டாலர் பாலிசிப்படி கழிவு.

நீங்கள் நாளைக்கே அந்தமானோ பாங்காக்கோ கிளம்பலாம். டிக்கெட் எடுத்த கையோடு பாலிசியும் எடுங்கள். வியாதி வந்தபின் எடுக்கிற பாலிசி, வெள்ளம் வந்தபின் போடுகிற அணை. பயண ரத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று பாருங்கள். லட்சக்கணக்கில் டாலர் என்று முதல் பக்கத்தில் இருப்பது வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ரத்துக்கு உள்ள தொகை உள்ளே எங்கோ சின்னதாக இருக்கும். ரசீதுகளைக் கிழிக்காதீர்கள்.

போன வாரம் சித்தப்பா மறுபடியும் கப்பல் விண்ணப்பம் கொண்டுவந்தார். பினாங்கு வட்டம் போட்ட மேப் கூடவே வந்தது. இன்ஷூரன்ஸ் படிவத்தில் சர்க்கரைக்கு வருஷத்தைத் திருத்தினார். அடுத்த வரியில் பேனாவை நிறுத்தி யோசித்துவிட்டு எழுதினார்:

'பித்தப்பை: இல்லை. எடுத்தாகிவிட்டது. ரசீது இணைத்துள்ளேன்.'